வரைபடமும் பத்திரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சியாட்டிலில் வசிக்கிறேன். மகள் புல்மனில், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அதன் ‘கான்ஃபரன்ஸ்’, அதாவது கல்லூரிகள் சேர்ந்து அமெரிக்க ஃபுட்பால் ஆடும் கூட்டமைப்பான பேக்-12, உடைந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அடுத்து யார் எங்கே போவார்கள் என்று ஒரு வரைபடம் போட்டு இணைத்திருக்கிறேன். பெரிய கான்ஃபரன்ஸ்களான பிக் டென்னுக்கும் எஸ்இசிக்கும் தலா 24 அணிகள். ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் ஏசிசி கான்ஃபரன்ஸை விட்டுப் போய்விடுமா? எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாக ஃபுட்பால் ஆடும் நோட்டர் டேம் என்ன செய்யும்? ஆராய்ச்சிப் பல்கலைகளின் சங்கமான ஏஏயூவில் உறுப்பினராக இல்லாத பல்கலையை பிக் டென் சேர்க்குமா? புல்மனை யாராவது கூப்பிடுவார்களா?

ஒரு வாசகர், சியாட்டில்

*

அன்புள்ள நண்பருக்கு,

மாநிலத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, பழைய பகைகள் கலையாமல் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். படம் அழகாக இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆகாது. பசிபிக் கரைப்பக்கத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ‘அட்லாண்டிக் கோஸ்ட்’ (ஏசிசி) கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. பிக் டென்னில் 18 பேர், பிக் 12இல் 16 பேர். இவ்வளவு நடந்த பிறகும் பூகோளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆரூடம் சொன்னால் கோபம் வராதா?

ஏஏயூ விஷயத்தை விடுங்கள். நெப்ராஸ்கா பிக் டென்னுக்குள் வந்த அதே 2011இல்தான் அந்த உறுப்பினர் தகுதியை இழந்தது. யாரும் அதைத் துரத்தவில்லை. நோட்டர் டேமுக்கும் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசிக்கும் 2029 வரை ஒப்பந்தம் இருக்கிறது. அதுவரை அது யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ என்கிற பத்திரத்தை. ஒரு கல்லூரி, தன் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை இந்தத் தேதிவரை என்று கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. நடுவில் விலகிப் போகலாம், யாரும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் உரிமை பழைய கான்ஃபரன்ஸிடமே தங்கிவிடும். குடித்தனத்தை மாற்றிக்கொண்டு போன பிறகும் சம்பளம் பழைய வீட்டுக்காரர் கைக்கே போகிற மாதிரி. அப்படிப்பட்டவரை எந்தப் புது வீட்டுக்காரர் சேர்ப்பார்?

பேக்-12 செத்தது இந்தத் தேதியால்தான். அதன் பத்திரம் 2024 கோடையோடு முடிந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் 2022 ஜூன் 30 அன்று பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தபோது, காலாவதியாகும்வரை காத்திருந்தால் போதும், அபராதமாக ஒரு டாலர்கூட இல்லை. அடுத்த கோடையில் புது ஒப்பந்தம் என்று கையில் வந்தது ஆப்பிளின் இணைய ஒளிபரப்பு மட்டும். அதிலும் வருமானம் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்தது. கொலராடோ ஏற்கெனவே கிளம்பியிருந்தது. 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள்: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. துரோகம், பேராசை என்று இன்னமும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பேராசை எல்லாக் கான்ஃபரன்ஸிலும் உண்டு. இது பூட்டின் காலம் முடியப்போன வீடு.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ஐ விட்டு ஒரே ஒரு வருடம் முன்கூட்டிக் கிளம்ப, இருவருமாகச் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். ஏசிசியின் பத்திரம் 2036 வரை. அதனால்தான் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் அடுத்த கான்ஃபரன்ஸுக்குப் போகாமல் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச்சில் சமரசம். இப்போது உரிமையை மீட்டுக்கொண்டு வெளியேற ஒரு விலை உண்டு: 2025-26இல் 16.5 கோடி டாலர், ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030-31இல் 7.5 கோடி. பிக் டென்னின் தொலைக்காட்சி ஒப்பந்தம் 2029-30 சீசனோடு முடிகிறது, பிக் 12க்கு 2030-31. இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். 2030க்கு முன்னால் இவர்கள் பெரிதாக நகர்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முன் வருகிற ‘உள்வட்டத் தகவல்’ எதையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, புதிதாக வருகிறவருக்கு யார் படியளப்பது? சில ஒப்பந்தங்களில், உறுப்பினர் கூடினால் தொலைக்காட்சி நிறுவனம் தலைக்கு ஒரு முழுப் பங்கு கூடுதலாகத் தரவேண்டும் என்று ஷரத்து இருக்கும். ஏசிசி அதை வைத்துத்தான் விளையாடியது. மூன்று பேர் வந்ததால் விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் மூன்று பங்கு கொடுத்தது. டெக்ஸஸில் இருக்கும் எஸ்எம்யூ பல்கலை ஒன்பது வருடம் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று வந்தது, அங்கே நன்கொடையாளர்கள் மடி கனம். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு வருடம் 30 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டன. மிச்சத்தைப் பழையவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் தொடங்கியதே தலைக்கு 3 கோடி டாலரில், ஏறக்குறைய பாதிப் பங்கு. யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்காதீர்கள், யார் எவ்வளவு குறைத்துக்கொண்டு வரத் தயார் என்று கேளுங்கள். (யுசிஎல்ஏ போனதற்கு ஈடாக பெர்க்லிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தரவேண்டும் என்று இரண்டையும் ஆளும் நிர்வாகக் குழுவினரான ரீஜென்ட்ஸ் முடிவெடுத்தார்கள். ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘கேலிமனி’. பெர்க்லியின் சுருக்கப் பெயரான ‘கேல்’ உடன் ‘அலிமனி’, அதாவது ஜீவனாம்சம்தான்.)

புல்மனைக் கேட்டீர்கள், மறக்கவில்லை. வெளியேற அறிவிப்புக் கொடுத்தவருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை என்பது பேக்-12இன் விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆரிகன் ஸ்டேட்டும் புல்மன் இருக்கும் விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில் கான்ஃபரன்ஸின் கட்டுப்பாட்டை வாங்கின. அவர்களும் ஒழுங்காகப் பத்திரம் படித்தவர்கள். ஃபுட்பாலில் எட்டு முழு உறுப்பினர் இல்லையென்றால் அங்கீகாரம் போய்விடும், அவகாசம் இரண்டே வருடம். ஆகவே மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து ஐந்து பேரை இழுத்தார்கள். அப்படி இழுத்தால் மவுண்டன் வெஸ்ட்டுக்கு முதல் ஆளுக்கு 1 கோடி டாலர், அடுத்த ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் கூடுதல் என்று முன்பே கையெழுத்தாகியிருந்தது. ஐந்து பேருக்கு 5.5 கோடி, அதன்மேல் வழக்கு. எட்டாவது ஆளாக டெக்ஸஸ் ஸ்டேட் 2025 கோடையில்தான் கிடைத்தது. கன்சாகா பல்கலையும் சேர ஒப்புக்கொண்டது, ஆனால் அங்கே ஃபுட்பால் கிடையாது, எண்ணிக்கையில் சேராது. புதிய பேக்-12க்கு 2026 ஜூலை 1 என்று நாள் குறித்தார்கள்.

ஆக, புல்மனை யாரும் கூப்பிடவில்லை. அதுதான் மற்றவர்களைக் கூப்பிட்டது. மகளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: உங்கள் ஊர் வாஷிங்டன் பல்கலையும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கோப்பை ஆட்டம் 2028 வரை எழுத்தில் இருக்கிறது, 2027இல் புல்மனில். அந்த வாரம் சியாட்டிலிலிருந்து கிளம்புகிறவர்கள் அறையை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும். சின்ன ஊர்.