பெயரைச் சொல்லாமல் நோயை மட்டும் சொல்ல முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 47. திருமணத்துக்கு முன் பிறந்த என் பெண் குழந்தையை 26 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தத்தெடுப்பு மையத்தில் ஒப்படைத்தேன். இது என் கணவருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. என் அம்மா சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர் என்பதால் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பிஆர்சிஏ 1 மரபணுவில் மாற்றம் இருப்பதாகத் தெரிந்தது. உரிமை கொண்டாடும் எண்ணம் எனக்கில்லை. அவளுக்கு இது தெரிய வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: தெரிவிக்கத்தான் வேண்டும், அதுவும் தாமதிக்காமல். இந்த மாற்றம் தாயிடமிருந்து பிள்ளைக்குச் சென்றிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு; சென்றிருந்தால், வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல். அத்தகைய பெண்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறார். "வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்டால், வளர்த்தவர்களின் வரலாற்றைச் சொல்வார், இல்லையென்றால் தெரியாது என்பார், இரண்டுமே அவரைக் காக்காது.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிறைந்த தத்துப்பிள்ளை தம் பிறப்பின் வேரைத் தேடித் தாமே விண்ணப்பிக்கலாம். பெற்றவர் பிள்ளையைத் தேட அப்படியொரு வழி இல்லை. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று ஒப்படைத்தபோதே நீங்கள் கேட்டிருந்தால், இப்போதும் உங்கள் இசைவின்றி அதை வெளியிட மாட்டார்கள். முகநூலிலோ ஆள் வைத்தோ தேடாதீர்கள். தாம் தத்துப்பிள்ளை என்பதே உங்கள் மகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தச் செய்தியும் நோய்ச் செய்தியும் ஒரே உறையில் போய்ச் சேருவது கொடுமை.

ஆகவே அந்த மையத்துக்கே எழுதுங்கள். அது மூடப்பட்டிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். குழந்தை பிறந்த நாள், மருத்துவமனை, ஒப்படைத்த மாதம் ஆகியவற்றைத் தந்தால்தான் பழைய கோப்பு கிடைக்கும். மருத்துவத் தகவலை மகளிடம் சேர்க்க இசைகிறேன், என் பெயரைச் சொல்ல இசையவில்லை என்று இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்று உங்களால் வற்புறுத்த முடியாது. ஆனால் கோப்பில் இணைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். மகள் என்றாவது விண்ணப்பித்தால் அது அங்கே இருக்கும்.

மகளுக்கான பக்கத்தில் உங்களுக்கும் அம்மாவுக்கும் எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்பதை எழுதுங்கள். குழந்தையின் தந்தை வழியில் ஏதேனும் நோய் இருந்தது தெரிந்தால் அதையும் மறைக்க வேண்டாம். உறவினர்களிடம் கொடுப்பதற்கென்றே மரபணு ஆலோசகர்கள் ஒரு கடிதம் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் பரிசோதனை அறிக்கையின் நகல். எந்த இடத்தில் மாற்றம் என்பது அதில் குறியீடாக இருக்கும்; அதைக் கொண்டு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் உங்கள் மகளுக்குப் பரிசோதித்தால் போதும். அறிக்கையின் தலைப்பில் உங்கள் பெயரும் நோயாளி எண்ணும் இருக்கும். மையால் அடித்தால் வெளிச்சத்தில் எழுத்து தெரியும். அடித்த பிறகு இன்னொரு நகல் எடுத்து, அந்த நகலையே இணையுங்கள்.