அக்கா கல்யாணம் முடிந்து ஒரு வாரம் தாமதமாகச் சேரலாமா?

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த என் சின்ன மகளுக்கு மெல்போர்னில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் வணிகப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நான்கு வாரத்துக்கு ஒரே பாடம்தானாம். அது முடிந்த பிறகுதான் அடுத்த பாடமாம். இப்படிப் படித்தால் மனதில் நிற்குமா? மாசியில் சேலத்தில் பெரியவளுக்குக் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு ஒரு வாரம் தாமதமாக அனுப்பலாமா? வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு, மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: அன்புள்ள அம்மா, ஒரு வாரம் தாமதமாக மட்டும் அனுப்பாதீர்கள்.

நம் கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு பாடங்கள் சேர்ந்தே ஓடும். முதல் வாரம் போகாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் குடிமுழுகாது. மழைக்கு மலைப்பாதையில் பஸ் நின்றுபோன நாட்களில், உங்கள் மகளும் தோழியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துச் சமாளித்திருப்பாள். நான்கு வாரத்தை ஒரு பிளாக் என்று வைத்து, பிளாக்குக்கு ஒரு பாடம் நடத்தும் இந்த பிளாக் முறையில் அந்தச் சமாளிப்புக்கு நேரம் கிடையாது. நான்கில் ஒரு வாரம் போனால் கால்வாசிப் பாடமே போய்விடும். வழக்கமாக ஒரு வகுப்பு மூன்று மணி நேரம். வீட்டிலேயே படித்துவிட்டு வந்து, வகுப்பில் குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள், கணக்குப் போடுவார்கள். மாணவர் எண்ணிக்கையும் குறைவு என்பதால், படிக்காமல் வந்தவர் யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மதிப்பெண்ணுக்கான முதல் வேலை சீக்கிரமே வந்துவிடும். பாடத்தில் தேறாவிட்டால், நம் ஊர் அரியர் போல பரீட்சைக் கட்டணம் மட்டும் கட்டி எழுத முடியாது. பெரும்பாலும் அந்தப் பாடத்தையே மறுபடி எடுத்து, அதற்கு முழுக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.

அக்கா கல்யாணத்தில் தங்கை இல்லாமல் எப்படி என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. இந்த முறையிலேயே அதற்கு வழி இருக்கலாம். ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக முடிவதால், ஒரு வாரம் பிந்துவதைவிட ஒரு பிளாக் முழுதும் தள்ளிச் சேர்வது நல்லது. அடுத்த பிளாக்கில் தொடங்க அனுமதி உண்டா என்று பல்கலைக்கழகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. விசாவுக்குக் கொடுக்கும் சேர்க்கைச் சான்றிலும் புதிய தேதி வர வேண்டும். முடியாது என்று பதில் வந்தால், குறித்த தேதியில் அவளை அனுப்பிவிடுங்கள். கல்யாணத்தை வீடியோ காலில் பார்ப்பது வருத்தம்தான், ஆனாலும் அதுவே சரி.

மனதில் நிற்குமா என்று கேட்டீர்கள். இது நேற்று முளைத்த சோதனை இல்லை. அமெரிக்காவில் கொலராடோ கல்லூரி 1970 முதலே மூன்றரை வாரத்துக்கு ஒரு பாடம் என்று நடத்துகிறது. விக்டோரியா 2018-ல் முதலாண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கியது. ஒரே பாடத்தில் மூழ்கிப் படித்தால் நன்றாகவே புரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் படித்த கணக்கியலின் தொடர்ச்சி சில மாதம் கழித்து வரலாம். இடையில் புரட்டாத பாடம் மறந்துதான் போகும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், முடிந்துபோன பாடத்தில் இரண்டு கணக்காவது புத்தகம் பார்க்காமல் போட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம் வேலை விஷயம். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவர் விசா அனுமதிக்கிறது. அவ்வளவும் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. வகுப்பில்லாத நாட்கள் விடுமுறையும் அல்ல, மறுநாள் வகுப்புக்கான படிப்பும் எழுத்து வேலையும் அன்றைக்குத்தான் நடந்தாக வேண்டும். முதல் பிளாக்கில் வேலையே வேண்டாம். அந்த நான்கு வாரச் செலவுக்கான பணத்தை இங்கிருந்தே கொடுத்தனுப்புங்கள். இரண்டாவதில் வாரம் ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். மதிப்பெண் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு அவளே முடிவு செய்யட்டும்.