காட்டு முகாம் சாலைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பராமரிப்பில் உள்ள பொதுக் கூடார முகாமுக்குச் சரளைச் சாலைதான். ஆண்டுதோறும் குழிகளில் ஜல்லி கொட்டுகிறோம். ஒரு மழைக்காலம் போனால் அதே இடத்தில் அதே குழி. ஜல்லி தரமில்லையா?

ஜல்லியைக் குறை சொல்லும் முன், நல்ல மழை பெய்யும்போது குடையோடு அந்தச் சாலையை ஒரு முறை நடந்து பாருங்கள். குழி விழும் இடத்திலெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்பதைக் காண்பீர்கள். நீரில் ஊறிய இடத்தில் சக்கரம் ஏறும்போது கலங்கல் நீர் வெளியே பீச்சுகிறது. கல்லைக் கல்லோடு பிடித்துவைத்த நுண்மண் அதோடு போய்விடுகிறது. மிஞ்சும் கல்லைச் சக்கரமே உதறித் தள்ளுகிறது. அந்தக் குழியில் புது ஜல்லியைக் கொட்டினால் அது சுற்றியுள்ள தளத்தோடு சேராமல் தனியாகக் கிடக்கும். அடுத்த மழையில் அதுவும் வெளியேறும்.

சரியான முறை இது. மிக ஆழமான குழியின் அடிவரை, சாலையின் முழு அகலத்துக்கும் தளத்தைக் கீறிக் கிளறுங்கள். தேவையான புதுச் சரளையைச் சேர்த்துக் கலந்து, ஈரமாக்கி, கேம்பர் கொடுங்கள், அதாவது நடு உயர்ந்து இரு ஓரமும் சரியும் வடிவம். சரளைச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரம் நோக்கி மீட்டருக்கு 4 முதல் 6 செ.மீ. சரிவு வேண்டும். 4 மீட்டர் அகலச் சாலையானால் நடுப்பகுதி ஓரத்தைவிட 8 முதல் 12 செ.மீ. உயர்ந்திருக்கும். தார்ச்சாலைக்குப் போதுமான 2 செ.மீ. சரிவு இங்கே போதாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ரோலர் ஓட்டுங்கள். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது.

கழுவிய ஜல்லி மேல்தளத்துக்கு ஆகாது. எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் பிடிக்காது. 20 முதல் 25 மி.மீ. வரையிலான கல்லும், இடைப்பட்ட அளவுகளும், எடையில் 8 முதல் 15 சதவீதம் நுண்மண்ணும் கலந்த சரளையே இறுகும். அந்த நுண்மண்ணில் சிறிது களிமண் பசை இருக்க வேண்டும். அளவு மீறினால் மழையில் வழுக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இறுகிய பின் 10 செ.மீ. கனம் என்றால் 40 கன மீட்டர். உதிரியாக வரும் சரளை இறுகும்போது குறையும் என்பதால் 50 கன மீட்டருக்குச் சற்று மேலேயே வரவழையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தளத்தை வழித்துச் சமன்செய்யும் கிரேடர் இயந்திரத்தை ஓட்டி ஓட்டிச் சாலையின் இரு ஓரங்களிலும் மண்ணும் புல்லும் சேர்ந்து சின்னக் கரை எழும்பியிருக்கும். நடுவில் கேம்பர் இருந்தாலும் நீர் அந்தக் கரையில் முட்டி, ஓரக்கால்வாயில் இறங்காமல் சாலையோடே ஓடும். அதை வெட்டி அகற்றாமல் புதுச் சரளைக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: ஏற்றப் பகுதியில் கால்வாய் நீர் மறுபக்கம் போகச் சாலைக்கு அடியில் குறுக்குக் குழாய் போட்டிருக்கிறோம். ஆனாலும் வெள்ளம் சாலை மேலேறி அரித்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் குழாயின் வாய் அடைத்திருக்கும். காட்டில் இலை, குச்சி, மண் எல்லாம் சேர்ந்துதான் வரும். 30 செ.மீ. குழாய் ஒரே மழையில் அடைபடக் கூடும். குறைந்தது 45 செ.மீ. விட்டம் வையுங்கள், உள்ளே கழி விட்டுச் சுத்தம் செய்யவும் அதுதான் வசதி. குழாய்க்கு 2 சதவீதச் சரிவாவது வேண்டும், அதாவது 6 மீட்டர் குழாயில் 12 செ.மீ. இறக்கம். நேர்குறுக்காகப் போடாமல், அந்த நேர்குறுக்குக் கோட்டிலிருந்து நீர் ஓடும் திசைக்குச் சுமார் 30 பாகை சாய்த்து வைத்தால் கால்வாய் நீர் திரும்ப முரண்டு பிடிக்காது. நுழைவாய்க்கு அடுத்து ஓரக்கால்வாயில் ஒரு தடுப்பு மேடு கட்டாயம். அது இல்லாவிட்டால் நீர் குழாயைத் தாண்டி நேரே இறங்கிவிடும்.

குழாயின் இரு பக்கமும் ஒரே நேரத்தில், 15 செ.மீ. அடுக்குகளாக மண் போட்டு இடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் குழாய் நகரும். தலைக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. மண் வேண்டும். வெளிவாய் அந்தரத்தில் தொங்கக்கூடாது: அப்படி விழும் நீர் கரையைக் கீழிருந்து குடைந்து கடைசியில் சாலையையே இழுத்துக்கொள்ளும். இயல்பான தரைமட்டத்தில் முடித்து, விழும் இடத்தில் பெரிய கற்களைப் பரப்புங்கள்.

சாலையிலிருந்து நீரை வெளியேற்றும் இடங்களின் இடைவெளியும் முக்கியம். 7 முதல் 9 சதவீத ஏற்றத்தில், எளிதில் அரிக்கும் மண்ணானால் 40 மீட்டருக்கு ஒன்று தேவை. உறுதியான மண்ணில் 75 மீட்டர் வரை விடலாம். எல்லாவற்றுக்கும் குழாய் வேண்டாம். சாலைக்குக் குறுக்கே, வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும் அளவுக்கு நீளமாக, சாய்வான தாழ்வு அமைத்தால் நீர் தானே வெளியேறும். அடைக்க அதில் எதுவும் இல்லை. ஆள் குறைவான முகாம்களுக்கு நாங்கள் அதையே சொல்வோம்.

கால்வாயை மொத்தமாகச் சுரண்டி வெறும் மண்ணாக்காதீர்கள். அடைப்பை மட்டும் எடுங்கள். புல் இருக்கட்டும், அதுதான் அரிப்பைத் தடுக்கிறது.

கேள்வி: சாலை அலையலையாக வரிபோட்டுக் கிடக்கிறது. கிரேடர் ஓட்டினாலும் திரும்ப வருகிறது.

வேகம், வறட்சி, பிடிப்பில்லாத சரளை மூன்றும் சேர்ந்த விளைவு இது. வளைவுக்கு முன், ஏற்றத்தில், வண்டிகள் பிரேக் பிடிக்கும் இடத்தில் அதிகம் வரும். மேலே மட்டும் வழித்தால் வரியின் அடி அப்படியே இருக்கும். வரியின் பள்ளத்துக்குக் கீழ்வரை வெட்டிக் கலக்க வேண்டும். மழை பெய்து ஈரம் இருக்கும் நாளில் செய்யுங்கள். கிரேடர் மணிக்கு 8 கி.மீ.யைத் தாண்டினால் அதன் அலகே துள்ளிப் புது வரி போடும்.

கேள்வி: சாலையோரம் ஒரு மீட்டர் அகலப்படுத்த வேண்டும். அருகில் பெரிய மரங்கள், அவற்றின் கீழ் கூடாரத் தளங்கள். பாதிப்பு வருமா?

வரும், ஆனால் உடனே தெரியாது. அதுதான் ஆபத்து. வேர்களில் பெரும்பகுதி மேல் 60 செ.மீ. மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். சாலைக்காக வெட்டும் ஆழமும் அதுவே. வெட்டுப்பட்ட வேர் அழுகி, மரம் இலையோடு பசுமையாக நிற்கும்போதே சில ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் சாயும். அப்போது கீழே யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மார்பு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். 50 செ.மீ. மரத்துக்கு 6 மீட்டர் ஆரம். அந்த வட்டத்துக்குள் வெட்டவும் கூடாது, மண்ணைக் கொட்டி மூடவும் கூடாது, ரோலரை நிறுத்தி வைக்கவும் கூடாது. வேறு வழியில்லை என்றால் தோண்டாமல், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் காற்றும் நீரும் புகும்படி நுண்மண் இல்லாத கல் அடுக்கிச் சாலையை உயர்த்துங்கள். அகலப்படுத்துவதையே கைவிட்டு, ஒருவழிச் சுற்றுப் பாதையாக மாற்ற முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, முகாம் திறக்கும் முன்பும், ஒவ்வொரு புயலுக்குப் பின்பும் மரங்களைச் சுற்றிப் பாருங்கள். அடிமரத்தில் காளான், நீள வெடிப்பு, உச்சி காய்ந்திருத்தல், முறிந்து தொங்கும் கிளை, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் எழும்பியிருத்தல் இவை எச்சரிக்கைகள். கடைசி அறிகுறி கண்ணில் பட்டால் தளத்தை அன்றே மூடுங்கள். மரச்சுத்தியால் தட்டி வெற்றொலி கேட்டால் துளையிட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றிலும் உள்ள நல்ல மரத்தின் கனம் விட்டத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 60 செ.மீ. மரத்துக்கு அது 10 செ.மீ. பக்கவாட்டில் பொந்து திறந்திருந்தால் இந்தக் கனமும் போதாது.

எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். பட்ட மரம் பறவைகளுக்கு வீடு. ஆபத்து என்பது பழுதான மரமும் அதன் கீழே ஆளும் சேர்வதுதான். பட்ட மரத்துக்கு அதன் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் விட்டு மேசையையும் கூடாரத் தளத்தையும் இடம் மாற்றினால் போதும்.

கேள்வி: மணிக்கு 15 கி.மீ. என்று பலகை வைத்தோம். யாரும் மதிப்பதில்லை. குழந்தைகள் விளையாடும் இடம். வேகத்தடை போடலாமா?

சரளையில் வேகத்தடை நிற்காது. சில வாரங்களில் கரைந்து, இரு பக்கமும் குழிதான் மிஞ்சும். சாலை அகலமாக, நேராக இருக்கும் வரை பலகை தோற்கும். ஒருவழிப் பாதையை 3 முதல் 3.6 மீட்டருக்குக் குறுக்குங்கள். மேலே சொன்ன குறுக்குத் தாழ்வுகள் நீரை வெளியேற்றுவதோடு வண்டியையும் மெதுவாக்கும். சாலை ஓரத்தைப் பெரிய கற்களால் வரையறுங்கள்: மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், இடைவெளி ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆனால் இறக்கத்து வளைவின் வெளிப்புறத்தில் கல் வேண்டாம்; தடம் மாறும் வண்டி அதில்தான் மோதும். கழிவறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகும் நடைபாதையைச் சாலையிலிருந்து பிரித்துவிடுங்கள். குழந்தைகள் அதிகம் நடக்கும் வழி அதுவே.

கேள்வி: வேலை நடக்கும்போது முகாமை மூடியே ஆக வேண்டுமா? வெளியேற ஒரே சாலைதான்.

தோண்டும் பகுதியில் தங்கும் தளங்களை மூடுங்கள். முழு முகாமையும் திறந்து வைக்க வேண்டுமானால், குறுக்குக் குழாய்க்குச் சாலையை ஒரே நேரத்தில் முழு அகலமும் வெட்டக்கூடாது. பாதி பாதியாக முடியுங்கள். அதற்கு இடமில்லாத அகலம் என்றால், கனமான இரும்புத் தகடுகளைத் தயாராக வைத்து, மாலைக்குள் பள்ளத்தை மூடுங்கள். நோயாளி வண்டியோ தீயணைப்பு வண்டியோ இரவில் வந்தாலும் போக வேண்டும். காட்டுத்தீ அபாயம் உள்ள காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

அதே வண்டிகளுக்காகச் சாலைக்கு மேல் 4.3 மீட்டர் வரை கிளைகளைக் கழியுங்கள். மழையில் நனைந்த கிளை தாழும் என்பதால் சற்றுக் கூட்டியே வெட்டலாம். 45 மீட்டருக்கு மேல் நீளும் முட்டுச் சாலையின் முடிவில் பெரிய வண்டி திரும்ப இடம் வையுங்கள். தளத்தின் எண்ணை ஒளிரும் பலகையில் சாலையிலிருந்தே தெரியும்படி எழுதி, அதே எண்கள் கொண்ட வரைபடத்தை நுழைவாயிலில் மாட்டுங்கள். அதன் ஒரு நகல் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் இருக்கட்டும்.