புட்டுப் பெட்டியும் வாசல் மேசையும்

அன்பின் ஐயா,

போன சனிக்கிழமை மகனைச் சதுரங்கப் போட்டிக்கு யாழ்ப்பாணம் கூட்டிவந்தேன். விடிய நாலரைக்கு எழும்பி அவித்த புட்டை வாசலில் மேசை போட்டு வாங்கி வைத்துவிட்டார்கள். "வெளிச்சாப்பாடு உள்ளுக்குக் கொண்டுபோகேலாதம்மா, கன்ரீன் இருக்கு." அங்கே ரோல்ஸ் 180 ரூபா, அரை லீற்றர் தண்ணீர் 120. பின்னேரம் பெட்டி கைக்கு வந்தபோது புட்டு பழுதாகி மணத்தது. மகனை அடுத்தமுறை ஒதுக்கிவிடுவார்களோ என்று பேசாமல் வந்தேன். கேட்டிருக்க வேணுமா?

ஒரு தாய், சாவகச்சேரி

அன்பின் சகோதரி,

கேட்டிருக்கலாம், ரோல்ஸை அல்ல, தண்ணீரை. ரோல்ஸுக்குக் கன்ரீன்காரர் சொல்வதுதான் விலை. போத்தல் தண்ணீருக்கு அப்படியில்லை. 2025 ஏப்ரல் முதல் அரை லீற்றருக்கு ஆகக்கூடிய சில்லறை விலை 70 ரூபா என்று வர்த்தமானியில் வந்திருக்கிறது. கூட விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையின் பெயரை இழுக்கத் தேவையில்லை.

கன்ரீன்காரரோடு எனக்குப் பெரிய கோபம் இல்லை. நானும் ஒரு பழைய மாணவர் சங்கத்தில் இருந்து கடைக்கு ரெண்டர் விட்டவன். கூடக் கேட்டவருக்குக் கொடுத்து, அந்தக் காசில் கேடயங்கள் வாங்கினோம். கட்டியதை அவர் பிள்ளைகளிடந்தான் எடுப்பார் என்பது எங்களுக்குத் தெரியாததா? வாசலில் மேசை போடச் சொன்னது அவர். சுகாதாரம், பொலித்தீன் என்று அறிவித்தலில் எழுதியது நாங்கள்.

அதுவும் சதுரங்கம்! ஓட்டத்தில் தோற்ற பிள்ளை வீட்டுக்குப் போகலாம். சுவிஸ் முறையில் தோற்றவரைத் தோற்றவரோடு சோடி சேர்த்துக் கடைசிச் சுற்றுவரை இருத்திவிடுவார்கள். அடுத்த சோடிப் பட்டியலை எப்போது ஒட்டுவார்களோ தெரியாது. வெளியே போய் நாலு வாய் சாப்பிட்டு வருவதற்குள் மணிக்கூட்டைத் தட்டிவிடுவார்கள்.

எண்ணெய்க் கையோடு குதிரையைப் பிடிக்கக் கூடாதுதான். கன்ரீன் ரோல்ஸிலும் அதே எண்ணெய்தானே! மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் நாலு வாங்கு போட்டால் பெட்டியைத் திறக்க இடமாகிவிடும். திருவிழாவென்றால் தண்ணீர்ப்பந்தல் போட்டு, முன்பின் தெரியாதவருக்கும் மோர் வார்க்கிற ஊர் இது. பிள்ளைகளுக்கு ஒரு குடம் தண்ணீர் வைக்க ஏன் கை வரவில்லை?

அடுத்தமுறை நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து, ரெண்டர் விட முதலே போய்க் கேளுங்கள். கடையைக் கொடுத்த பிறகு மேசையை எடுக்கச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

அதுசரி, மகன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று எழுதவில்லையே?