வீட்டோடு வந்த வாடகைக்காரர்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீடு வாங்கி, போன மாதம் உறுதி முடித்தோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் ஆறு வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. ஒன்றரை இலட்சம் முற்பணம் கொடுத்ததாக அவர்கள் சொல்கிறார்கள், ஐம்பதாயிரம்தான் வாங்கினேன் என்கிறார் விற்றவர். அடுத்த வருடம் நாங்கள் அங்கே குடிபோக வேண்டும். அவர்களுடைய மகள் அப்போதுதான் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். "தண்ணியையும் கரண்டையும் வெட்டிவிடு, தானாப் போவாங்க" என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம் அக்கா?

பதில்: மகள், மைத்துனர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வழியில் போனால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். குடியிருப்பவரைப் பலாத்காரமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும்போது, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் நீதவான் அவர்களைத் திரும்பக் குடியமர்த்தலாம். உறுதி உங்கள் பெயரில் இருப்பது அந்த இடத்தில் உதவாது. அங்கே பார்ப்பது யார் குடியிருந்தார் என்பதைத்தான்.

நீங்கள் வாங்கியது வெறும் வீடு அல்ல, ஆறு வருட வாடகை உறவும் சேர்ந்துதான். 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் நமக்கு விட்டுப்போன சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு: விற்பனைக்கு முன்னால் நிற்பது வாடகை. வீடு கைமாறினாலும் வாடகைக்காரர் அங்கேயே இருப்பார், நீங்கள் பழைய சொந்தக்காரரின் இடத்துக்கு வருகிறீர்கள். ஆகவே விற்றவரிடம் இன்றைக்கே ஒரு கடிதம் கேளுங்கள். வீட்டை உங்களுக்கு விற்றுவிட்டதாகவும், இன்ன திகதியிலிருந்து வாடகையை உங்களிடம் கொடுக்கும்படியும், தான் வாங்கிய முற்பணம் எவ்வளவு என்றும் அதில் இருக்க வேண்டும். அந்த அறிவித்தல் கிடைக்கும் முன் அவர்கள் பழையவரிடம் கொடுத்த வாடகையை இரண்டாம் முறை கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

முற்பணத் தகராறுதான் எனக்குக் கவலை. உறுதி முடிக்கும் முன்பே இதைக் கேட்டு, விலையில் கழித்திருக்க வேண்டும். இப்போது அந்தக் குடும்பத்திடம் ரசீதோ வங்கிச் சீட்டோ சாட்சியோ இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். இருந்தால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டு, அந்தப் பணத்தை விற்றவரிடம் கேளுங்கள். விற்றவரை நம்பிப் பேரம் பேசியது நீங்கள், அவர்கள் அல்ல. ஆதாரம் எதுவும் இல்லாவிட்டால் மூன்று பேரும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருந்து பேசும்போது இரு பக்கமும் இறங்கிவருவதை நான் கண்டிருக்கிறேன்.

இனி எழுத்து. சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த வீடு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருகிறதா என்பதை. எப்போது கட்டியது, எப்போதிலிருந்து வாடகைக்கு விட்டது, மாநகரசபை மதிப்பிட்ட வருடப் பெறுமதி என்ன என்ற விபரங்களோடு போங்கள். சட்டத்துக்குள் வந்தால், அதில் சொன்ன காரணங்களுக்காக, வழக்கு மூலமாக மட்டுமே எழுப்பலாம். வராவிட்டால் மாத வாடகைக்கு ஒரு முழு மாத அறிவித்தல் போதும். ஆனாலும் பிள்ளை படிக்கிற வீட்டில் ஒரு மாதக் கடிதத்தை நீட்டாதீர்கள் மகள்.

என் யோசனை இது. பரீட்சை முடியும் வரை என்று ஒரு திகதியை அவர்களோடு பேசி, அதுவரைக்கும் குத்தகை எழுதிக் கொடுங்கள். அதை நொத்தாரிசு முன்தான் எழுத வேண்டும்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை வெறும் கடிதத்தில் செல்லாது, 1840ஆம் ஆண்டிலிருந்தே அதுதான் சட்டம். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தும் விடுங்கள். அவர்களுக்கு அந்தத் திகதி வரை நிம்மதி. வாடகைச் சட்டத்துக்குள் வராத வீடென்றால் உங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. திகதி முடிந்தும் போகாவிட்டால் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில் வீட்டை விரைவாக மீட்கலாம். வாய்ப்பேச்சில் இருக்கும் வரை அந்த வழி உங்களுக்கு இல்லை.

முதல் நாளே வாடகை கூட்டுவது பற்றிப் பேச வேண்டாம். வாங்குகிற ஒவ்வொரு மாதத்துக்கும் ரசீது கொடுங்கள், அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும். மின்சார மீற்றரையும் தண்ணி மீற்றரையும் அவர்கள் முன்னிலையில் படம் எடுங்கள், நிலுவை இருக்கிறதா என்று இரண்டு அலுவலகத்திலும் கேட்டுப் பெயரை மாற்றுங்கள். சோலைவரி பாக்கியையும் பாருங்கள்.

கணவரை வீடியோவில் எடுத்துக்கொண்டு, பகலில், மைத்துனர் இல்லாமல் போங்கள். பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். மாரிக்கு எந்தப் பக்கத்தால் தண்ணி உள்ளே வருகிறது, எந்த ஓடு ஒழுகுகிறது, கிணறு எந்த மாதம் உவர்க்கிறது என்று கேளுங்கள். அந்த வீட்டில் ஆறு மாரி கண்டவர்கள் அவர்கள்தான்.