காளான் கேள்வி-பதில்: அகார் தட்டில் பச்சை வந்தால்?

கேள்வி: பட்டுப்போன மாமரக் கட்டையில் மழைக்கு அப்புறம் கொத்தாகச் சிப்பிக் காளான் வந்தது. தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, அலுமினியத் தாளில் ஸ்போர் (காளானின் விதை மாதிரியான நுண்தூள்) எடுத்து அகார் தட்டில் (கடற்பாசிக் கூழைச் சத்தோடு உறையவைத்த மூடித் தட்டு) போட்டேன். மூன்று தடவையும் நாலாம் நாளே பச்சைப் பூசணம். என் கை சுத்தம் போதவில்லையா?

பதில்: கை மேல் பழி போடாதீர்கள். மழையில் நனைந்து, வண்டும் எறும்பும் ஏறி இறங்கிய காளான் அது. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளில் ஸ்போரோடு பாக்டீரியாவும் மற்ற பூசணங்களும் சேர்ந்தேதான் இருக்கும், அதனால் முதல் தட்டு சுத்தமாக வரும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். அதை நாற்றங்கால் மாதிரி நினையுங்கள். களை முளைக்கத்தான் செய்யும், நாம் நல்ல நாற்றைப் பார்த்துப் பிடுங்கி வேறு வயலில் நடுகிறோம், அவ்வளவுதான்.

நிறைய பேர் ஸ்போரை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, அகாரின் ஓரத்தில் தொட்டு ஆறவைத்து, ஸ்போர் தாளை லேசாக ஒரு தொடு, பிறகு தட்டில் வளைந்து வளைந்து ஒரு கோடு. கோட்டின் கடைசியில் ஸ்போர்கள் தள்ளித் தள்ளி விழும், நமக்கு வேண்டியது அந்த இடம்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (ஒரு வகைச் சர்க்கரை), 20 கிராம் அகார் என்பது வழக்கமான அளவு. முதல் தட்டுக்கு மட்டும் கிழங்கையும் டெக்ஸ்ட்ரோஸையும் பாதியாக்குங்கள், சத்து குறைந்தால் பூசணத்தின் வேகமும் கொஞ்சம் குறையும்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூசணமும் முதலில் வெள்ளைதான், ஆனால் கிடுகிடுவென்று பரவி அப்புறம் பச்சைப் பொடியாகிவிடும். காளான் இழை நிதானமாக வரும், பஞ்சைப் பிரித்துவிட்டது போல நுனி நுனியாக வெளிப்பக்கம் ஓடும். அதைக் கண்டால் தட்டு நிறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, பூசணத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிற நுனியில் அரிசி அளவு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். நாலைந்து தடவை மாற்ற வேண்டியிருக்கும், எனக்கு ஒரு காட்டுச் சிப்பி ஐந்தாவது தட்டில்தான் சுத்தமாக வந்தது, அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. பச்சையாகிவிட்ட தட்டைத் திறக்கவே கூடாது, பொடி அறை முழுக்கப் பறக்கும். மூடியபடியே குக்கரில் வேகவைத்துத் தூக்கிப்போடுங்கள்.

கஞ்சித் துளி போலப் பளபளவென்று இருந்தால் அது பாக்டீரியா. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: வெட்டிய துண்டைப் புதுத் தட்டின் அகாருக்கு அடியில் செருகிவிடுங்கள். இழை அகாரைத் துளைத்து மேலே வந்துவிடும், பாக்டீரியா பெரும்பாலும் அடியிலேயே நின்றுவிடும்.

வேலையைக் காற்றசையாத பெட்டிக்குள் செய்யுங்கள், மின்விசிறி ஓடக் கூடாது. பெட்டிக்குள் ஸ்பிரிட் தெளித்துவிட்டு உள்ளேயே விளக்கை மட்டும் ஏற்றிவிடாதீர்கள், ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கேள்வி: ஒரே ஸ்போரிலிருந்து வந்த இழையைப் பிரித்து வைத்தேன். வளர்ப்புப் பை முழுக்க அது ஓடியும் காளான் வரவில்லையே?

பதில்: வராது. சிப்பிக் காளானில் ஒரு ஸ்போரின் இழை பாதிதான், பொருந்துகிற இன்னொரு இழையோடு சேர்ந்தால்தான் காளான் கட்டும். ஒரே காளானின் ஸ்போர்கள் என்றால் நாலில் ஒரு ஜோடிதான் பொருந்தும். இரண்டு மூன்று இழைகளை ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை சந்திக்கிற இடத்திலிருந்து வெட்டியெடுங்கள். புதுக் காளான் கையில் இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம், தண்டைக் கையால் கிழித்து, வெளிக்காற்று படாத உள்சதையில் ஒரு துணுக்கை அகாரில் வைத்தால் அதே காளான் அப்படியே வளரும். எனக்கு எப்போதும் இதுதான் முதல் தேர்வு.

கேள்வி: புற்றுக்காளானையும் இப்படி வளர்க்கலாமா?

பதில்: ஆசை எனக்கும் உண்டு, அந்த ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் அது கறையான் புற்றுக்குள் கறையானே பேணி வளர்க்கிற பூஞ்சை. தட்டில் இழை வந்தாலும் பையில் காளான் கட்டாது. பணத்தை அதில் போடாமல் சிப்பியிலோ பால் காளானிலோ போடுங்கள்.