நுரையீரல் கெடுமா என்று ரத்தத்தில் தெரியுமா?

கேள்வி: என் மகளுக்கு 29 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரன் பிறந்தபோது 1,100 கிராம். தருமபுரியில் 24 நாளாகப் பெட்டியில் இருக்கிறான். முதலில் சிபேப் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி) வைத்தார்கள், இப்போது மூக்குக் குழாயில் ஆக்சிஜன் போகிறது. நுரையீரல் நாள்பட்டுக் கெட்டுப்போகுமா என்று ரத்தத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்களாம். ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பிப் பாருங்கள் என்கிறார் ஓசூர் சம்பந்தி. அனுப்பலாமா?
- ஒரு பாட்டி, பென்னாகரம்

பதில்: வேண்டாம் அம்மா. சம்பந்தி சொல்வது கற்பனை இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் இந்த நோய்க்கு பிபிடி என்று பெயர். ஐஎல்-6, ஐஎல்-8 போன்ற அழற்சிப் பொருள்கள், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் எனப் பலவற்றை ஆய்வாளர்கள் ரத்தத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் கிருமித்தொற்று வந்தாலும் இதே அழற்சி அளவுகள் ஏறும். நோய் வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் எண்கள் ஒன்றோடொன்று கலந்துகிடக்கும். உங்கள் பேரனுக்கு வரும், வராது என்று அறுதியிட்டுச் சொல்ல இந்த எண்களால் முடியாது. என்டி-புரோபிஎன்பி என்ற ஒன்று மட்டும் இதயத்தின் சுமையைக் காட்டும். தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனோடு சேர்த்து டாக்டரே கேட்பார்.

இன்னொன்று. இவ்வளவு சிறிய உடலில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான், டீக்கடை கிளாஸ் ஒன்று. அதில் 2 மில்லி எடுப்பது, பெரியவர் உடலில் 100 மில்லி எடுப்பதற்குச் சமம். ஏற்கெனவே எடுக்கிற ரத்தத்துக்கே சில பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றவேண்டி வருகிறது. பயன் இல்லாத சோதனைக்கு ஒரு சொட்டுகூட அதிகம் என்பேன்.

அப்புறம், முடிவு கெட்டதாக வந்தாலும் வைத்தியம் என்னவோ அதேதான்: மூச்சைத் தூண்டும் கஃபீன் மருந்து, தாய்ப்பால், அளவான ஆக்சிஜன், மகள் நெஞ்சோடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்துக்கொள்வது. வென்டிலேட்டரை விட்டு வரமுடியாத சில பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு யோசிப்பார்கள். மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. அதற்காகத்தான் ஆய்வாளர்கள் இவ்வளவு தேடுகிறார்கள்.

சரி, எதைப் பார்ப்பது? ஆக்சிஜன் எத்தனை சதவீதம் போகிறது என்று தினமும் கேளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம். 30-இல் இருந்தது 25, 23 என்று இறங்கி, மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90-க்கும் 95-க்கும் நடுவே நின்றால் நல்ல சேதி. 100 காட்டவில்லையே என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். ஆக்சிஜன் கூடினாலும் கெடுதல். 28 நாள் தாண்டியும் ஆக்சிஜன் தேவைப்பட்டால் பிபிடி என்ற பேச்சு வரும். அது எவ்வளவு தீவிரம் என்பதை, கர்ப்பக் கணக்கில் 36 வாரம் முடியும்போதுதான் பார்ப்பார்கள். இன்றிலிருந்து 25 நாள். அதற்குள் மூக்குக் குழாயை விட்டு வந்துவிடும் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபின் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாதீர்கள். எனக்கும் என் பாட்டி காட்டியிருக்கிறார், மணம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு அந்தப் புகை ஆகாது. விறகடுப்புப் புகை, கொசுவத்தி, பீடியும் அப்படியே. தடுப்பூசியைப் பிறந்த தேதிக் கணக்கில் போடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எல்லாவற்றையும்விட அவசரம்: கண். 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். நேரத்தில் கண்டால் லேசரில் காப்பாற்றலாம். உங்கள் பேரனைப் போல 1,200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும்; அந்தக் கெடு தாண்டிவிட்டது. நாளைக் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, கண் பார்த்தாயிற்றா, இல்லையென்றால் என்றைக்கு என்று கேட்டுவிடுங்கள்.